அம்மா மாற்றிவந்த ஹேண்டில்

எட்டாம் வகுப்புக்குப் போனபோது எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார்கள். கடையில் அப்பா காட்டியது, பிடிகள் நம் பக்கமாக வளைந்து வரும் உயரமான ஹேண்டில் வைத்தது. நான் கேட்டது நேர்க் கம்பியாகத் தாழ்ந்திருக்கும் ஹேண்டில். குனிந்து ஓட்டினால்தான் வேகம் என்று எங்கள் வகுப்பில் ஒரு கொள்கை இருந்தது. கொள்கைதான் வென்றது.

கொஞ்ச நாளிலேயே, பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் உள்ளங்கை மரத்துப்போனது. பேனா பிடித்தால் விரல் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்தும் தோளும் வலித்தன. சைக்கிளைக் குறை சொல்ல மனம் வராமல், தலையணை சரியில்லை என்றேன். அம்மா தலையணையை மாற்றினாள். வலி போகவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பியபோது, வாசலில் நின்று நான் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை டியூஷனுக்கு நடந்து போய்த் திரும்பினால் சைக்கிளைக் காணோம். வீட்டில் அம்மாவையும் காணோம். நானும் அப்பாவும் வாசலில் விழித்துக்கொண்டு நிற்கையில், சைக்கிள் வந்தது. மேலே அம்மா. முந்தானையை இடுப்பில் செருகி, முதுகு நிமிர்ந்து, முழங்கை லேசாக மடங்கியிருக்க, எதிரே வந்த ஆட்டோவுக்கு மணியடித்து வழிவிட்டு, வாசலில் வந்து இறங்கினாள். முத்தியால்பேட்டையில் அதுவரை யாரும் அம்மாவைச் சைக்கிளில் பார்த்ததில்லை.

நான் பார்த்தது ஹேண்டிலை மட்டும்தான். அப்பா அன்று காட்டிய அதே உயரமான ஹேண்டில்.

"கைய வெறப்பா நீட்டிக்கினு ஒடம்பு பாரத்த எல்லாம் அதுமேல போட்டா மரத்துப்போவாம என்னாடி பண்ணும்? ஓட்டிப் பாத்துட்டேன். இப்ப சரியா இருக்கு" என்றாள் அம்மா.

நான் அழத் தொடங்கினேன். அப்பா என்னைக் கவனிக்கவில்லை.

"நீ எப்ப சைக்கிள் கத்துக்கினே?"

"கல்யாணத்துக்கு முன்ன நோணாங்குப்பத்துலேந்து தெனம் டவுனுக்கு வேலைக்கு வந்தேனே, பறந்தா வந்தேன்?"

"பஸ்ஸுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

அம்மா சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உலை வைக்க உள்ளே போனாள். திங்கட்கிழமை வகுப்பில் தபால்காரர் வண்டி என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்த வாரத்திலேயே வலி போய்விட்டது.

சைக்கிள் கடை எங்கள் வீட்டுக்கு மேற்கே, நாலு எட்டில் இருந்தது. அம்மா வந்ததோ கிழக்கிலிருந்து, கடற்கரைப் பக்கமிருந்து. கூந்தல் கலைந்து, முகமெல்லாம் வியர்த்திருந்தது. பாவம், வழி தவறிச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.