தணிகாசலம் வைத்த பென்சில் குறி

காலை ஷிப்ட் பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தேன். டிரைவர், “சார், நம்ம இன்ஸ்ட்ருமென்ட் தணிகாசலம் பூட்டாருங்க. நேத்து சாயங்காலம், திருவதிகை வூட்டுல. மார்வலியாம்” என்றார். வைத்த காலை எடுத்துவிட்டேன். குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி என் மனைவி கமலத்திடம் சொன்னபோது, அவள் கை தானாக வலது காதுக்குப் பின்னால் போயிற்று. பிறகுதான் அழுதாள்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மைன்ஸில் துளை போட்ட இடங்களில் ஒரு குழாய்க் கருவியை இறக்குவார். மண்ணிலிருந்து வரும் கதிர்களை அது டிக் டிக் என்று எண்ணும். எந்த ஆழத்தில் நிலக்கரி என்று அதைக் கேட்டே சொல்லிவிடுவார்.

கமலத்துக்கு வலிப்பு வர ஆரம்பித்த வருஷம், மூளையில் கட்டி என்றார் பட்டணத்து டாக்டர். எந்தப் பக்கம் என்று தெரியாமல் மண்டையைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கேன்டீனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த தணிகாசலம் மெல்லச் சொன்னார்: “நம்ம கருவி பூமிக்குள்ள நூறடியில இருக்கறத சொல்லுதுங்க. ஒரு சாண் மண்டையில சொல்லாதா?”

“என் பெண்டாட்டி தலை என்னய்யா, நீ துளை போடுற பொட்டலா?” என்று கத்திவிட்டேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டருக்கே கடிதம் எழுதினார். ஊசியில் ஏற்றும் கதிர்மருந்து கட்டியில் கூடுதலாகத் தங்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் உள்ள கருவி சுற்றியுள்ள எல்லாக் கதிரையும் சேர்த்து எண்ணிவிடுகிறது என்று பதில் வந்தது. உடனே பழைய கேபிள்களின் ஈய உறையை உரித்து உருக்கினார். எண்ணும் குழாய்க்குக் கனமான சட்டை ஒன்று வார்த்து, நேரே வரும் கதிர் மட்டும் உள்ளே போக, நுனியில் பென்சில் நுழையும் ஓட்டை விட்டார்.

அதைச் சோதிக்க வடலூர் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி, ஓரத்தில் சதுரமாக வெட்டி, கதிர்வீசும் கடுகளவு துணுக்கை உள்ளே வைத்து மூடியிருந்தார். அன்று ஆயுத பூஜை. ஏற்பாடு என் பொறுப்பு. மேஜைமேல் ஏற்கெனவே வெட்டி வைத்த பூசணியைப் பார்த்ததும், பரவாயில்லையே, நம் வேலை மிச்சம் என்று குங்குமமும் சில்லறையும் போட்டு வாசலில் ஓங்கி உடைத்தேன். தணிகாசலம் ஓடிவந்தார். “ஐயோ, யாரும் நவுராதீங்க! அப்படியே நில்லுங்க!”

சிதறிய துண்டு ஒவ்வொன்றின்மேலும் கருவியைப் பிடித்தார். இல்லை. பிறகு எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் வலது பாதத்தருகே அது படபடவென்று அடித்தது. “உங்க சுண்டுவெரல் இடுக்குல ஒட்டிக்கினு இருக்குதுங்க, சார்.” குறட்டால் எடுத்துக் காட்டினார். பூசணிச் சதைக்கும் குங்குமத்துக்கும் நடுவே கண்ணுக்கே தெரியாத ஒன்று. அந்த நிமிஷமே கமலத்தின் தலையை அவரிடம் ஒப்படைக்கத் தயாராகிவிட்டேன்.

பட்டணத்தில் கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி, கமலத்தின் மழித்த தலையில் வலமும் இடமும் ஒத்த புள்ளிகள் குறித்தார்கள். கருவியைப் பிடித்தவர் தணிகாசலம். எண்ணிக்கை ஓடும் முகப்பை மட்டும் பார்க்க மாட்டேன் என்று திருப்பி வைத்துவிட்டார்; எண்களை நர்ஸ் பார்த்து எழுதினார். ஏன் என்று கேட்டேன். “ஆசப்பட்டுக்கினு பாத்தா, எங்க வேணும்னாலும் இருக்கற மாரிதான் தெரியும்” என்றார். வலது காதுக்குப் பின்னால் எண்ணிக்கை எகிறியிருந்தது. மூன்று முறை திரும்ப எண்ணச் சொன்னார். மூன்று முறையும் அதே இடம். அங்கே பென்சிலால் வட்டம் போட்டார். “தப்பாயிருந்தா என்ன மன்னிச்சிடும்மா” என்றார் கமலத்திடம்.

டாக்டர் அங்கேதான் திறந்தார். நெல்லிக்காயளவு கட்டி. அங்கேயேதான் இருந்தது.

கருவி இப்போது பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அவரோடு எடுத்த படம்கூட என்னிடம் இல்லை. கமலத்தின் வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாயளவு இடத்தில் முடி முளைக்கவே இல்லை. கொண்டையை இழுத்து மூடிக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொன்னேன். “அண்ணன் கை வச்ச எடம், தெரிஞ்சா தெரியட்டும்” என்றாள். அவருடையதாக என் வீட்டில் இருப்பது அதுதான். தினமும் அது என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறது, என்னை அதட்டுகிறது, சிரிக்கிறது.