ஒரே ஒரு பொன்னாடை

எங்கள் ராக் பேண்டில் நாலு பேர். பாட்டெழுதி மெட்டுப் போட்டுக் கிடார் வாசித்தது நான். பாடியது என் தாய்மாமன் மகன். டிரம்ஸும் பேஸ் கிடாரும் கல்லூரிக் கூட்டாளிகள். அல்லிநகரத்தில் அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே ஒத்திகை நடக்கும்.

அவன் பாடினான் என்று எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது. நாங்கள் வாசித்து ஓய்ந்த பிறகுதான் ஒத்திகைக்கே வருவான். ஒரு மாதம் நான் மல்லுக்கட்டிய மெட்டை, பரோட்டா தின்ற கையைச் சட்டையில் துடைத்தபடி ஒரே தடவையில் பாடிவிடுவான். நான் போட்டதைவிட நன்றாக இருக்கும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தேன். மாமன் மகன் அதைப் பாடுவதை யாரோ செல்போனில் படம்பிடித்துப் போட, கம்பம், போடி, சின்னமனூர் என்று சுற்றியது. தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால் அவனைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒரு பெண் என்னிடம் செல்போனை நீட்டி, "அண்ணே, எங்களைய ஒரு போட்டோ எடுத்துத் தாங்க" என்றாள். அவன் தலை பாதி வெட்டுப்படுகிற மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு கோம்பையில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். மேடை ஏறும் முன் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார்.

"குழுவுக்குத் தலைவரு யாரு தம்பி? ஊர்ப்பெரியவுக மரியாதை செய்யணும்னு சொல்லியிருக்காக."

"தலைவருன்னு யாருமில்லண்ணே. நாலு பேரும் ஒண்ணுதான்."

ராக் பேண்டு என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து மேடைகளில் குழுவுக்கு ஒரு பொன்னாடைதான். அது யார் தோளில் விழுகிறதோ அவர்தான் குழு, மற்றவர்கள் கூட வந்தவர்கள். எனக்கும் இது தெரியும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினேன்.

பஸ் பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் என்று கூட்டம் கத்தியது. கமிட்டிக்காரர் பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையேறினார். நான் கிடாரைப் பின்னால் தள்ளித் தோளைத் தோதாக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவனுக்குப் போர்த்தினார்.

"இம்புட்டு அருமையா பாட்டுக் கட்டிப் பாடுன தம்பிக்கு..."

கட்டியது நான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் அவன் கையில்தான் இருந்தது. கும்பிட்டுச் சிரித்தான்.

மைக்கும் இணைந்திருந்த ஆம்ப்ளிஃபயர் என்னுடையது. வயரைப் பிடுங்கிவிட்டுக் கீழே இறங்கினேன். அவன் வெறும் குரலில் பாடினான். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் சமாதானம் பேச டிரம்ஸ்காரன் வந்தான். "ஒரு துண்டுக்காடா இம்புட்டு?"

"ஆமா, துண்டுக்குத்தான்" என்றேன். அதோடு பேண்டு முடிந்தது.

அப்புறம் எத்தனையோ பேரைப் பாட வைத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டு ஒருவர் வாயிலும் உட்காரவில்லை. அவனோ பாட்டையே விட்டுவிட்டு ஓடைப்பட்டியில் திராட்சை வியாபாரத்தில் இறங்கிவிட்டான். விட்டுவிட முடிந்ததே, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

போன மாதம் அம்மாவுக்காகப் பழம் வாங்க அவன் தோட்டத்துக்குப் போனேன். லோடு வண்டியின் டிரைவர் சீட்டில் ஒரு துணி விரித்திருந்தது. சரிகை பிரிந்து, திராட்சைச் சாறு பட்டுக் கறுத்த அதே பொன்னாடை. அவன் பெட்டிகளை ஏற்றியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பஸ் பாட்டு. மூன்றாம் வரியில் எனக்கு என்றைக்குமே சரியாக விழாத ஒரு வளைவு உண்டு. பெட்டியைத் தூக்கிய மூச்சோடு அவன் அந்த வளைவைச் சும்மா பாடிவிட்டுப் போனான்.

என்னைப் பார்த்ததும் நின்றான்.

"வா மாப்ள. இது எந்தப் பாட்டுடா? காலையில இருந்து வாயில வந்துக்கிட்டே இருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அவனுக்கு ஞாபகமில்லை.

"தெரியலையே" என்றேன்.

"நல்லாருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போனான்.