டிக்கட் கேட்கும் ஜீவராணி

"டிக்கட்டக் காட்டுங்க மாமா."

மடக்கிய குடையைப் படிக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்தபடி நிற்கிறாள் ஜீவராணி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து இறங்கிவரும் ஒற்றையடிப் பாதை, ஊசிமலை ரயில் மேடையைத் தொடும் இடத்தில் நான்கு சிமெண்டுப் படிகள் இருக்கின்றன. கடைசிப் படிதான் அவளுடைய இடம். நேரம் காலை ஐந்தே முக்கால். எதிரே வந்து நிற்பவர் பழனியாண்டி. கழுத்தில் மப்ளர், கக்கத்தில் கிளினிக் கொப்பி.

"போறது ரெண்டு ஸ்டேசன் தூரம். அதுக்கும் டிக்கட்டா?"

"ரெண்டு ஸ்டேசனுக்கும் சேத்து ஒரே டிக்கட்டுதான். போயி எடுங்க."

"ஒனக்கு ரெயில்வேயில சம்பளம் போடுறானா புள்ள?"

"போட்டா வேணாம்னா சொல்லப்போறேன்? எடுத்துட்டு வந்து பேசுங்க."

பழனியாண்டி முணுமுணுத்துக்கொண்டே மேடையின் மறுகோடிக்கு நடக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள், கேட்கும் முன்பே தங்கள் டிக்கட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். முதல்நாள் மாலையே எடுத்து வைத்துக்கொண்ட கெட்டிக்காரிகள். குடை உயர்கிறது, அவர்கள் போனதும் மறுபடி தாழ்கிறது.

ஜீவராணி ரயில்வேயில் வேலை பார்ப்பவள் அல்ல. நகரத்து ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற, நிரந்தரமில்லாத கொந்தராத்து வேலை. வயது நாற்பத்திரண்டு. நீல நிற ஆஸ்பத்திரிக் கோட்டை வீட்டிலேயே மாட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாள். டிக்கட்டைக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகி வைப்பாள். வார்டில் நாற்பது கட்டிலுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியதால், பக்கத்தில் நிற்பவரிடம் ரகசியம் சொன்னாலும் அடுத்த லயத்துக்குக் கேட்கும். ரயிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அது அவளுக்குத் தேவையில்லை. "அஞ்சு அம்பத்தெட்டு வந்துருச்சா?" என்றுதான் கேட்பாள், வீட்டு ஆளை விசாரிப்பதுபோல.

இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே இருக்கிறது ஊசிமலைத் தோட்டம். பஸ் வருவது எட்டரை மணிக்கு, அதுவும் மழை பெய்து ரோட்டில் மண் சரியாமல் இருந்தால். ஆஸ்பத்திரியில் ஆறே முக்காலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் கொந்தராத்துக்காரர் பெயரை வெட்டிவிடுவார். ஐந்து ஐம்பத்தெட்டு இல்லாவிட்டால் ஜீவராணிக்கு வேலை இல்லை.

அந்த ரயிலைத்தான் மாற்றப் போகிறோம் என்று சித்திரை மாதத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். பழைய பெட்டிகளுக்குப் பதிலாகப் புதிய நீல ரயில். குளிரூட்டிய இரண்டு பெட்டிகள், பெரிய கண்ணாடி ஜன்னல், அடுத்த நிறுத்தத்தின் பெயரை மூன்று மொழியிலும் எழுதிக் காட்டுகிற பலகை. அறிவித்தலில் மலையும் தேயிலையும் கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண்ணும் இருந்தார்கள். கீழே நிறுத்தங்களின் பட்டியல். ஜீவராணி விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலே வாசித்தாள். ஊசிமலை இல்லை.

"எங்க மலையக் காட்டித்தானே டிக்கட்டு விக்கிறாங்க. எங்களுக்கு நிக்கமாட்டாங்களாமா?" என்று அன்று ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நகரத்துப் பெரிய ஸ்டேசனுக்குப் போய்க் கேட்டுவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சிவகௌரி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த எழுதுவினைஞர். தடித்த கொப்பி ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. உங்கட ஊசிமலை ஹோல்ட்டில போன மாசம் முழுக்க ஒன்பது டிக்கட்தான் வித்திருக்கு. நீங்கள் ஒரு நாளைக்கு நாப்பது பேர் ஏறினவை எண்டு சொல்லுறியள். நான் அதை என்னெண்டு எழுதுறது?"

"அப்ப நாங்க பொய் சொல்றோமாங்க?"

"பொய் எண்டு நான் சொல்லேல்ல. இதில நீங்கள் இல்லை எண்டுதான் சொல்லுறன்."

ஜீவராணி கண்ணாடியில் முகத்தை ஒட்டி அந்தப் பக்கத்தை வாசித்தாள். அந்தப் பெண் சொன்னது சரி. பதினொரு வருடமாக அதே ரயிலில் போகிற ஜீவராணியே டிக்கட் எடுத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊசிமலையில் டிக்கட் எடுப்பது வழக்கமில்லை. லயத்துப் பாதை வந்து சேர்வது மேடையின் இந்தக் கோடியில். டிக்கட் கொடுக்கிற கூடு இருப்பது அந்தக் கோடியில். கடைசிப் பெட்டி படிக்கு நேராகவே வந்து நிற்கும்போது, அங்கே ஓடிப்போய்த் திரும்பி வருவது யார்? கார்ட்மாருக்கும் முகம் பழகிவிட்டது. "லயத்து ஆளுக" என்று விட்டுவிடுவார்கள். இதில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. "இது எங்க பாட்டன் மலைய வெட்டிப் போட்ட பாத. எங்களுக்கு டிக்கட்டா?" என்று மீசையை முறுக்குவார் பழனியாண்டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாட்டன் வெட்டிய பாதையில் பேரனும் பேத்தியும் ஏறியதற்கு ஒரு துண்டு மட்டை சாட்சி இல்லாமல் போனது அப்படித்தான்.

சிவகௌரி இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். நாளொன்றுக்கு முப்பது டிக்கட்டாவது ஓடினால் எழுதிப் போடலாம். நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எழுதிப் போடலாம்.

மறுநாள் காலையில் குடை படிக்குக் குறுக்கே வந்தது.

முதல் கிழமை ஏழு நாளும் வசவுதான் கிடைத்தது. 'செக்கர் ராணி' என்று பெயர் வைத்தார்கள். அவளைச் சுற்றிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கித் தண்டவாளத்தில் ஏறினார்கள். அவளும் தேயிலைக்குள் இறங்கினாள். கோட்டில் அட்டை ஏறியதுதான் மிச்சம் என்று நினைத்திருப்பார்கள். அவளோ அட்டையைப் பிய்த்து எறிந்தபடியே பேசினாள். "காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுல நிக்கவச்சு எண்ணுறாங்க. சாயந்தரம் கொழுந்த நிறுத்து எண்ணுறாங்க. அங்கெல்லாம் நாம கணக்குல இருக்கோம். கோச்சியில ஏறுனா மட்டும் நாம ஆளு இல்லையா? போயி எடுங்க!"

அதிலே ஏதோ ஒன்று தைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை மறுகோடியில் வரிசை நின்றது. ஜீவராணி எல்லாரையும் பத்து நிமிடம் முந்தி வரச் சொன்னாள். ஐந்தரைக்கு லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டே இறங்குவாள். கூட்டுக்குள் இருக்கும் சிங்களவர் சுனில் மாத்தையா பதினைந்து வருடமாகப் பேப்பர் வாசித்துச் சம்பளம் வாங்கியவர். வைகாசியில் அவரிடமிருந்த மட்டை டிக்கட்டுக் கட்டு தீர்ந்துபோனது. அவர் காலத்தில் அப்படி நடந்ததில்லை. புதுக்கட்டு வரும்வரை துண்டுக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

"ராணி, நீ வந்து எனக்குப் பேப்பர் பாக்க வுடுறது இல்ல நே" என்றார்.

"புதுக் கோச்சி நின்னுச்சுன்னா பேப்பர்ல ஒங்க படமே வரும் மாத்தையா."

அவளுக்குப் புதிய ரயில் மேல் கோபம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரீட்சித்துப் பார்ப்பதற்காக அதைப் பெரிய ஸ்டேசனில் நிறுத்தியிருந்த அன்று, உள்ளே கூட்டுகிற பெண்ணோடு பேச்சுக்கொடுத்தபடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். இருக்கையில் உட்காரவில்லை. நேரே கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. மாலையில் பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற பெண்களிடம் அதைத்தான் சொன்னாள். "தண்ணி வருது. கொண்டி விழுது. புள்ளத்தாச்சிங்க நிம்மதியாப் போகலாம். புதுக் கோச்சி வேணாம்னு எவ சொன்னா? அதுல நாமளும் ஏறணும்னுதான் சொல்றேன்."

கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்யும் அவள் கணவன் யோகேஸ்வரனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "கோச்சி நிக்காட்டி வேலைய வுட்டுட்டு மலைக்கே கொழுந்தெடுக்கப் போ. இல்லாட்டி இங்கன வா. ஊரு வம்பு ஒனக்கு எதுக்கு?" என்றான்.

"மறுபடி பெரட்டுல போயி நிக்கமாட்டேன். அங்கனயும் வரமாட்டேன். எனக்குக் கோச்சி இங்க நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டானா என்று கேட்டாள்.

ஆனி மாதத்தில் மழை பிடித்தது. நாளொன்றுக்கு டிக்கட் இருபத்தைந்து, இருபத்திரண்டு என்று இறங்கியது. அப்போதுதான் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், கூட ஒரு படம் பிடிக்கிறவர்.

"ஏம்மா மழையில நின்னு கத்திக்கிட்டு? தெனமும் பத்து இருவது டிக்கட்ட நா வாங்கிப் போட்டுர்றேன். கணக்கு நெறைஞ்சிரும். ரெயில் நின்னா சரிதானே?"

சுற்றி நின்றவர்களின் முகம் மலர்ந்தது. பழனியாண்டி, "தலைவர்னா தலைவர்தான்" என்றார். ஜீவராணி மட்டும் கோட்டின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏறாத ஆளுக்கு எதுக்குங்க தலைவரே டிக்கட்?"

"கணக்குக்குத்தாம்மா."

"இத்தன நாளு ஆளு இருந்துச்சு, டிக்கட்டு இல்ல. இப்ப டிக்கட்டு இருக்கும், ஆளு இருக்காது. நாங்கதான் உசுரோட இருக்கோமே. எங்களுக்கு எதுக்குப் பொய்யி?"

"நிக்காமப் போயிட்டா?"

"போனா மறுபடி கேப்போம். பொய்யிக்கு நின்னுச்சுன்னா, ஒரு நாளு வந்து எண்ணிப் பாத்துட்டு ஒரேயடியாத் தூக்கிருவாங்க. அப்பறம் எந்த வாயால கேக்குறது?"

கணேசமூர்த்தி சிரித்துச் சமாளித்தார். "சரி, படிக்கிட்ட நின்னு ஒரு படமாவது எடுப்போம்" என்று மேடைக்கு இறங்கப் போனார். குடை குறுக்கே நின்றது.

"டிக்கட்டு எடுத்துட்டு வாங்க, எடுக்கலாம்."

லயமே சிரித்தது. அன்றைய டிக்கட்டில் ஒன்று தலைவருடையது. வேறு வழியில்லாமல் அவர் ஒரு ஸ்டேசன் பயணமும் போனார். மறுநாளிலிருந்து, கிளினிக் இல்லாத நாளிலும் யாரையாவது டவுனுக்கு அனுப்பிவைக்கத் தொடங்கினார் பழனியாண்டி. கருவாடு வாங்கக்கூட ரயிலில் போனார்கள். டிக்கட் மறுபடி முப்பதைத் தாண்டியது.

கடிதம் ஆவணிக் கடைசியில் வந்தது. புதிய ரயில் ஊசிமலையில் நிற்கும். காலையில் மட்டும், ஒரு நிமிடம், பரீட்சார்த்தமாக. ஆட்கள் குறைந்தால் நிறுத்தம் நீக்கப்படும். சுனில் மாத்தையா வாசித்துச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஜீவராணி, "ஒரு நிமிசமா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாள். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வளைவில் நீல முகம் தெரிந்தது. கற்பூரம் கொளுத்தவென்றே பாதி லயம் வந்திருந்தது. பயணம் போகிறவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கலந்து, டிக்கட் கூட்டுக்கு முன்னால் வரிசை கலைந்து கிடந்தது. ரயில் நின்றது. கையில் டிக்கட் இருந்தவர்கள் கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் அவர்களைப் படம் பிடித்தார். சுனில் மாத்தையா சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் முடிந்தபோது கூட்டின் முன்னால் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.

"எடுக்காம ஏறிறலாமா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கார்ட் விசில் ஊதினார். பச்சைக் கொடியைப் பாதி விரித்துக்கொண்டு, "நங்கி, நகின்ன! யமு, யமு!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி ஜீவராணியைப் பார்த்துக் கத்தினார்.

கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றாள் அவள். ஒரு கால் புதிய ரயிலின் படியில் இருந்தது. மற்றக் கால் மேடையில் இருந்தது.

"தவ ஹத் தெனெக் இன்னவா, மாத்தையா" என்றாள், இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று.

கார்ட் மறுபடி ஊதினார். முன்னால் இஞ்சின் ஒரு தடவை கத்தியது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்து மணி பார்த்தார்கள். ஜீவராணி வாசல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையில் வைத்த காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். கார்ட் பக்கம் திரும்பாமல், மறுகோடியைப் பார்த்து, மலைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"பதறாதீங்க. ஒவ்வொருத்தரா எடுத்துட்டு வாங்க."