வாங்க கழுதை

நாடகத்தில் எனக்கு வாயாடி மனைவி வேடம். பபூனாக வரும் குழுவின் மூத்த நடிகரை “வாடா கழுதை” என்று அதட்டிக்கொண்டே மேடைக்கு வரவேண்டும். பிறகு இருவரும் எதிர்ப்பாட்டுப் பாடி ஆடவேண்டும். பாட்டும் ஆட்டமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ‘டா’தான் வராது. மூத்தவர்களை ‘ங்க’ போடாமல் கூப்பிட்டறியாத சூலூர் நாக்கு. “அம்மணி, கழுதைக்கு எதுக்குங்க மரியாதை?” என்று ஒத்திகையில் அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

தொண்ணூற்று நான்கோ ஐந்தோ. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன். நான்கு மாதம் தைத்ததும் உண்மை. அதை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வாசற்படி மிதிக்க விடமாட்டார்.

காங்கேயம் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழா. பொழுது சாய்ந்ததும் நாடகம். வசனத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே மேடையேறினேன். மூன்றாவது வரிசையில் அப்பா! காளை வாங்க வந்தவர் கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார் போல. வாயைத் திறந்தேன்.

“வாங்க கழுதை!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அரிதாரத்துக்குள் இருப்பது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. பபூன் அண்ணன் சும்மா விடுவாரா? வசனத்தில் இல்லாததைக் கேட்டார்.

“இத்தனை மரியாதை ஆருங்க அம்மணி சொல்லிக் குடுத்தது? உங்கப்பனா?”

அப்பா முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்கிறோம் என்றே புரியாமல் உளறினேன்.

“எங்கப்பன் செத்து மூணு வருசமாச்சுங்க.”

“குடுத்து வெச்ச மனுசனுங்க. உங்க பாட்டைக் கேக்காமயே போய்ச் சேந்துட்டாரு!”

பந்தலே அதிர்ந்தது. அப்பா மட்டும் சிரிப்பை நிறுத்தினார். பதற்றத்தில் நாடகக் குரலை விட்டுவிட்டு என் சொந்தக் குரலில் பேசியிருக்கிறேன், பாவி. பாட்டு முடியும்வரை அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

மறுநாள் ஊருக்குப் போனேன். வெட்டிப் போட்டாலும் போடுவார் என்றுதான் நினைத்தேன். அப்பா புதுக் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். கை ஓங்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை.

“செத்தவன் சொல்றேன் கண்ணு, பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு.”