தொட்டிக்கு ஒரு வயது

பரிமல் ஹால்தார் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியது இந்த ஒரு வருடத்தில்தான். அதற்கு முன் மீன் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன். அதே ஆள் தொட்டி நீரின் உப்பைக் காலையும் மாலையும் அளந்து பார்த்து, துளி கூடினால் தன்னையே நொந்துகொள்வார். பாக்பஜாரில் எங்கள் கட்டடத்தில் மேல்மாடி அவர் வீடு, கீழே நான். அவர் கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் கடல்நீர், பாறை, பாறைமேல் உயிருள்ள பவளங்கள்.

அந்தத் தொட்டி கற்றுக்கொடுத்ததெல்லாம் சாவு வழியாகத்தான். தண்ணீர் பக்குவப்படும் முன்பே அவசரப்பட்டு விட்ட மீன்கள் செத்தன. ஜோடி என்று நினைத்து விட்ட இரண்டில் ஒன்று மற்றதன் கண்ணைக் கொத்திப் போட்டது. மே மாத வெயிலில் பவளங்கள் வெளுத்தன. உடனே கூடத்தில் ஏசி வந்தது. குளிர் வீணாகக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்தியே வைக்க உத்தரவு. அவர் மனைவி சுலேகா உள்ளே புழுங்கிக்கொண்டு சமைத்தாள்.

"மீனுக்கு ஏசி, எனக்கு அடுப்பு. அடுத்த பிறவியில செவுளோட பொறக்கணும் தீதி" என்பாள் என்னிடம், அக்கா முறைக்குத் தீதி என்றுதான் கூப்பிடுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வாங்கிவந்த பாறை ஒன்றில், பழுப்புப் பொத்தான்கள் மாதிரி ஒரு மலிவான பவளம் ஒட்டிக்கொண்டு வந்தது. சுரண்டச் சுரண்ட முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையை எடுத்து, பூஜைக்குக் கிச்சடி பொங்குகிற அண்டாவில் போட்டு அடுப்பில் ஏற்றினார். தொட்டிக்காரர்கள் பலர் வேண்டாததை இப்படி வேகவைத்துத்தான் கொல்வார்கள். இந்தப் பொத்தான் பவளத்தில் சில ஜாதி, கொதிக்க வைத்தவரையே கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

"நல்லா கொதிக்கட்டும், பாத்துக்கோ. கதவத் தெறக்காத, குளிர் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

மத்தியானம் சுலேகா என் கதவைத் தட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வாயெல்லாம் காசை நக்குன மாதிரி கசக்குது தீதி. மூச்சு உள்ள போகமாட்டேங்குது."

நான்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பின்னாலேயே அவர் வந்தார்.

"வீட்டுல எதையாவது கொளுத்துனீங்களா? ஆசிட், மருந்து ஏதாவது?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றார் பரிமல். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"அந்தப் பொத்தானுக்குள்ள அவ்வளவு விஷமாம் தீதி. கொதிச்சா ஆவியில வருமாம்."

"அப்ப போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பரிமல் பாபு."

"சொன்னா தொட்டியத் தூக்கிப் போடச் சொல்லுவாரே."

உள்ளே அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது ஆளைக் காணோம். மீனுக்குத் தீனி வைக்கிற நேரமாம்.

சுலேகா பிழைத்தாள். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அந்தப் பொத்தான்கள் இருக்கிற வீட்டில் அவள் இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவையோ, சுரண்டியபோது உதிர்ந்த துணுக்குகளிலிருந்து முளைத்து, அதற்குள் தொட்டி முழுக்கப் படர்ந்திருந்தன. ஒன்று தொட்டி, இல்லையென்றால் பெண்டாட்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன், பைத்தியக்காரி. அவரும் யோசிக்கவில்லை. அவளைக் கிருஷ்ணநகரில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அங்கே காற்று நல்ல காற்றாம்.

தொட்டிக்கு ஒரு வயது முடிந்த அன்று, குழந்தைக்குச் செய்வதுபோலப் பாயசம் வைத்துத் தொட்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். என்னையும்தான். இந்த வருடத்தில் தான் கற்றதை எடுத்துச் சொன்னார். எதிலும் அவசரம் கூடாது, கைக்கு எட்டுகிறதே என்று எதையும் தொடக் கூடாது, இப்படி. எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

"சுலேகாவ எப்ப கூட்டிட்டு வரப்போறீங்க?" சபையில் வைத்தே கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "சீக்கு வந்த மீனத் தனித் தொட்டியில போடுவோம் தீதி. அங்க தின்னு தேறிடுச்சுன்னா அப்படியே விட்டுடணும். எடம் மாத்துனாதான் செத்துப்போகும்."

யாரோ சிரித்தார்கள். பாயசக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை பின்னாலேயே வந்தார். உறைத்துவிட்டது போலிருக்கிறது என்று நின்றேன்.

"அவகிட்ட பேசுனா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவ அலமாரிச் சாவி எங்கன்னு. அலமாரி இருக்கற ரூம்ல இன்னொரு தொட்டி வைக்கணும். துணிமணியெல்லாம் எடுத்தாத்தான் நகத்த முடியும், அவ்வளவு கனக்குது."

சாயங்காலம் சுலேகாவே போன் செய்தாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். மூச்சை இழுத்து இழுத்துத்தான் அவள் பேசினாள்.

"சாவி என் முந்தானையிலதான் முடிஞ்சிருக்கு தீதி" என்றாள். "உடைச்சுக்கச் சொல்லுங்க."