உட்காராத ஆணி

வலது கை சுருதிச் சாவியைப் பிடித்து, கம்பி சுற்றிய ஆணியை மயிரிழை திருப்ப, இடது கை ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. பியானோவில் அந்தச் சுரத்துக்கு மூன்று கம்பிகள். இரண்டைக் கம்பளித் துணியால் அடைத்து ஒன்றை மட்டும் பேசவிட வேண்டும். அது சேர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்க வேண்டும். மூன்றும் ஒரே குரலாகும்வரை அந்தக் கைகளுக்கு அவசரம் கிடையாது.

கடைசியில் இன்னொரு வேலை உண்டு. கம்பியைச் சற்று ஏற்றி, பிறகு ஆணியை லேசாக அழுத்தி இறக்கி உட்காரவைக்க வேண்டும். உட்காராத ஆணியும் கேட்பதற்குச் சுத்தமாகத்தான் இருக்கும். கட்டையை ஓங்கிக் குத்தினால்தான் கம்பி நழுவும். நடு ஸ்தாயியில் ஒரே ஒரு ஆணியை அந்தக் கைகள் உட்காரவைக்காமல் விட்டன. தெரிந்தேதான் விட்டன.

பசுமலைக் கல்லூரி அரங்கில் இம்மானுவேல் இந்தக் காரியத்தைச் செய்தது தமிழ்வாணிக்காக. அன்று மாலை அந்தப் பியானோவில் வாசிக்கப்போகிறவள் அவள்.

இம்மானுவேலின் அப்பா சுற்றுவட்டாரத்துச் சர்ச்சுகளுக்கெல்லாம் ஆர்மோனியம் பழுது பார்த்தவர். தமிழ்வாணி சோழவந்தானிலிருந்து பஸ் ஏறி வந்து அவனோடு படித்த பெண். அவள் வீட்டில் எல்லோரும் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர்கள். பள்ளியில் இருந்த ஒரே பியானோவில் இருவரும் மாறி மாறிப் பழகினார்கள். நன்றாக வாசித்தது இம்மானுவேல்தான். இதை அவளே பேட்டிகளில் சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

வெளிநாட்டில் இசை படிக்க ஆள் எடுக்கச் சென்னையில் நடந்த தேர்வில் அவளை எடுத்தார்கள். அவனை எடுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அந்தப் பியானோ சரியில்ல" என்று சொல்லிவைத்தான். அவள் ஜெர்மனி போய்ப் படித்தாள், ஊர் ஊராகக் கச்சேரி செய்தாள். பழைய மேதைகளையும் வாசித்தாள், நேற்று எழுதிய இசையையும் வாசித்தாள். இவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். பழைய பியானோ ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துச் சுருதி சேர்க்கத் தானாகவே கற்றுக்கொண்டான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் அவள் கச்சேரியைப் போட்டு, "இடது கை ரொம்பக் கனம்" என்று குறை சொல்வான்.

"அம்புட்டுக் கொறை இருக்குன்னா ஏன் தெனமும் பாக்குறீக?" என்று கேட்பாள் அவன் மனைவி திவ்யா.

இந்த முறை கச்சேரியின் இரண்டாம் பாதி முழுக்கப் புது இசை. அதில் ஓரிடத்தில் ஒரே கட்டையை விடாமல் குத்த வேண்டும். 'அந்தக் கட்டையக் கொஞ்சம் கவனிச்சுக்க' என்று எழுதி, இசைத்தாளைப் போனில் அனுப்பியிருந்தாள். அவன் கவனித்தான். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதை முழுவதும் பழகியும் வைத்தான்.

மதியம் அவள் வந்து இறங்கினாள்.

"ஏய் இம்மானு, என்னடா இம்புட்டுத் தொப்ப வச்சிருக்க?"

"வெளிநாட்டுத் தண்ணி குடிச்சும் ஒன் வாயி மாறலையே."

மைக் செட் மாட்டிக்கொண்டிருந்த மொக்கையன் சிரித்தான். அவள் பியானோவைத் தொடக்கூட இல்லை. "நீ ஒக்காந்து வாசி. நான் கடைசி வரிசைல நின்னு கேக்குறேன். சத்தம் எப்பிடி வருதுன்னு பாக்கணும்."

"என்னத்த வாசிக்க?"

"எதையாச்சும் வாசி."

ஒரு ஞானப்பாட்டு வாசித்திருந்தால் போதும். அவன் அவளுடைய இசையை எடுத்தான். இம்புட்டுப் பெரிய அரங்கு, நல்ல பியானோ, கடைசி வரிசையில் அவள். அவள் வாசிப்பதைவிட நன்றாக வாசித்துக் காட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ஆணியின் நினைவே போய்விட்டது. அந்த இடம் வந்ததும் தோளிலிருந்து பலம் எடுத்துக் குத்தினான். கம்பி நழுவியது. ஒரே குரலாக இருந்தது இரண்டாகப் பிரிந்து நெளிந்தது. கைகள் தாமாகவே மேலே எழும்பிவிட்டன.

"என்னண்ணே, கரண்டு போன மாதிரி நிறுத்திட்டீக?" என்றான் மொக்கையன்.

தமிழ்வாணி பின்னாலிருந்து நடந்து வந்தாள். "ஒரு கம்பி எறங்கிருச்சு, அதுக்கு ஏண்டா நிறுத்துற? சென்னையிலயும் இப்பிடித்தான் பாதியில எந்திரிச்சு, பியானோ சரியில்லன்னு தேர்வு வச்சவுககிட்டச் சண்டைக்குப் போன. அதே பியானோலதான நானும் வாசிச்சேன்."

"அன்னைக்கு ஒனக்குக் காது கேக்கல."

"நல்லாவே கேட்டுச்சு. அந்தக் கட்டைய மெல்லத் தொட்டுட்டு ஓடிட்டேன்." மேடையேறி அந்தக் கட்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "இது இப்பிடியே கெடந்தாலும் வாசிச்சுருவேன். சேல மாத்திட்டு வாரேன்."

அவள் போய்விட்டாள். இம்மானுவேல் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி கச்சேரி நடுவில் நழுவும். அவள் நிறுத்தமாட்டாள். பியானோ கெட்டும் விடாமல் வாசித்தாள் என்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். நாளைக்கு அதுவும் பேட்டியில் வரும். இருக்கிற பேர் போதாதென்று, அந்தக் கைதட்டலையும் இவன் கையாலேயே அவளுக்கு எடுத்துக் கொடுப்பதா? பியானோ சுத்தமாக இருக்கட்டும். அதில் அவள் தடுக்கினால், அது அவள் தடுக்கினது.

கம்பளித் துணிகளைச் செருகிச் சாவியை எடுத்தான். கம்பியை ஏற்றினான், இறக்கினான், ஆணியை உட்காரவைத்தான். பிறகு தன் ஆத்திரத்தையெல்லாம் விரலில் வைத்து அந்தக் கட்டையைக் குத்தினான். கம்பி அசையவில்லை. மறுபடியும் குத்தினான்.

"என்னண்ணே, ஒடச்சிறாதீக" என்றான் மொக்கையன்.

பட்டுச்சேலையில் தமிழ்வாணி வந்து நின்றாள். "முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு. எம்புட்டு வேணாலும் குத்து, எறங்காது" என்று சொல்லிவிட்டு, கம்பளித் துணிகளை உருவிப் பைக்குள் போட்டான். ஸ்டூலை அவள் உயரத்துக்குத் திருகி வைத்தான். பியானோவை அவளுக்கு விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.