தட்டையான கோட்டினை நம்பாத செட்சுகோ

ஜப்பானின் கவாசாகி நகரில் எங்கள் கம்பெனியில் செட்சுகோ குராமோச்சியின் முத்திரை விழாமல் எந்த மென்பொருளும் வாசல் தாண்டாது. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். பக்கத்து மேசைக்காரன் நான். என் காதைக் கேளுங்கள், சொல்லும்.

சோதனையில் பிடிபட்டுப் பதிவேட்டில் ஏறும் பிழைகளைக் கூட்டிக்கொண்டே போய் அந்தம்மா ஒரு கோடு வரைவார். முதலில் விறுவிறுவென்று ஏறும், பிழைகள் தீரத் தீர வளைந்து தட்டையாகும். வளைவைப் பார்த்தே, உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

ரயில்வே கேட்டுக்கான மென்பொருளில் கோடு சீக்கிரமே தட்டையாகிவிட்டது. மேலாளர் இனாமுரா சந்தோஷத்தில் எல்லோருக்கும் விலாங்குமீன் சோறு வரவழைத்தார். செட்சுகோ தொடவில்லை.

"எங்கேயோ உதைக்குதே சார்."

"நல்ல சேதி வந்தா சிரிக்கவே தெரியாதாம்மா உங்களுக்கு?"

செட்சுகோ சும்மா இருப்பாரா? வேறொரு புரோகிராமரை வைத்து, யாருக்கும் சொல்லாமல் வேண்டுமென்றே சில பிழைகளை உள்ளே போட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் சரியாகியிருந்தன. பதிவேட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அட, இதென்ன கூத்து!

விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. மென்பொருளை எழுதிய உபுகாத்தாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பதிந்தால் பாவம், எல்லோர் முன்னாலும் தலைகுனிவாரே என்று, சோதித்தவர்கள் பிழைகளை அவர் காதில் மட்டும் ஓதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் நாசூக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதான் சரிபண்ணியாச்சே," என்றார் இனாமுரா. "ரயில்வேக்குத் தேதி குடுத்துட்டேன். முத்திரையைக் குத்துங்க."

"சொன்னது சரியாச்சு. சொல்லக் கூசினது? இந்தக் கோடு பொய். குத்த மாட்டேன்." செட்சுகோ திரும்பினார். "உபுகாத்தா தம்பி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தக் கேட்டுல போய் நிப்பீங்களா?"

உபுகாத்தா இருக்கையை விட்டு எழுந்தார்.

"மாட்டேன்க்கா. சோதனையில ரெண்டு ரயில் எதிரெதிரா வந்தப்ப, ரெண்டாவது போறதுக்குள்ள ஒரு தடவை கேட் தூக்கிடுச்சாம். மறுபடி அந்தப் பிழை வரலை. அப்படியே விட்டுட்டேன்."

இனாமுராவுக்கு முகம் வெளுத்துப்போனது. அன்றே ரயில்வே அலுவலகம் போய், இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டுத் தேதியைத் தள்ளிவைத்தார்.

முதல் பிழையை உபுகாத்தாவே தன் கையால் பதிந்தார். கோடு மளமளவென்று ஏறியது. செட்சுகோவுக்கு ஒரே குஷி. கேட்டைத் தூக்கிய அந்தப் பிழையும் பிடிபட்டுச் சரியானது, கோடும் மெல்ல, நியாயமாக வளைந்தது. முத்திரை விழுந்தது.

கேட் இயங்கத் தொடங்கிய அன்று கம்பிக்கு முன்னால் முதல் ஆளாய் நின்றவர் செட்சுகோதான். ஒரு ரயில் போயிற்று. கேட் அசையவில்லை. எதிர்ப்பக்க ரயிலும் போன பிறகே மேலே எழுந்தது. அவர் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.